பீஜியின் உதிர்ந்த முடி: கீமோ மாதங்களில் நான் அலைந்து தெரிந்துகொண்டவை

கீமோ ஆரம்பிக்கும் முன் ஆஸ்பத்திரியில் ஒரு கையேடு தருவார்கள். வாந்திக்கு எந்த மாத்திரை, காய்ச்சல் எவ்வளவு ஏறினால் ஓடிவர வேண்டும், எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது, எல்லாம் அதில் இருக்கும். "முடி கொட்டும், பயப்பட வேண்டாம், திரும்ப வளரும்" என்று ஒரு வரியும் இருக்கும். கொட்டிய முடியை என்ன செய்வது என்று மட்டும் இருக்காது. மற்ற வீடுகளில் அது ஒரு கேள்வியே இல்லை, பெருக்கித் தள்ளிவிடுவார்கள். அமிர்தம் எடுத்த, அதாவது முறைப்படி தீட்சை பெற்ற, சீக்கியர் ஒருவர் உள்ள வீட்டில், நோய்க்கு அடுத்த பெரிய கவலையே அதுதான். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல எனக்கு ஆள் இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் பணமும் நிறையத் தூக்கமும் மிச்சமாகியிருக்கும்.

நான் திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகி வந்தது மேற்கு டெல்லியில் திலக் நகர் பக்கம். கணவருக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். நாத்தனார் கனடாவில். மாமியாரை வீட்டில் எல்லாரும் பீஜி என்போம், நானும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து தலையில் கத்தரி படாதவர். இடுப்பைத் தாண்டும் நரைத்த முடி. அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தபோது கணவர் கப்பல் ஏறி ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதலில் கீமோ, கட்டி சுருங்கியதும் ஆபரேஷன் என்றார்கள். ஆஸ்பத்திரி, வீடு, மருந்துக்கடை, இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான்.

சாதாரண நாளில் பீஜி முடியை எப்படிக் கையாள்வார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். விடிகாலையில் நித்னேம் என்கிற தினசரிப் பிரார்த்தனைப் பாடம் முடிந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் பழைய வெள்ளை மல்மல் துப்பட்டா ஒன்றை விரிப்பார். கங்கா என்கிற சின்ன மரச்சீப்பால் நுனியில் ஆரம்பித்து மெல்ல மெல்ல மேலே ஏறி வாருவார். சீப்பின் பல்லில் சிக்கியது, துப்பட்டாவில் விழுந்தது, தோளில் ஒட்டியது என்று ஒன்றையும் விடமாட்டார். எல்லாவற்றையும் இடது ஆள்காட்டி விரலில் சுற்றி மோதிரம் மாதிரி உருவி எடுத்து, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் துணிப்பையில் போடுவார். சாயங்காலம் இன்னொரு தடவை. மாதம் பிறக்கிற சங்ராந்த் அன்று, அது நம்ம மாதப் பிறப்பை ஒட்டித்தான் வரும், மாடியில் சின்ன இரும்பு அங்கீட்டியில் கரி மூட்டி, நெய் தொட்ட பஞ்சோடு சேர்த்து எரித்துவிடுவார். ஆறிய சாம்பல் ரோஜாத் தொட்டிக்குப் போகும். ஒரு மாதத்து முடி என்றாலும் ஒரு கைப்பிடிதான் இருக்கும், பத்து நிமிஷ வேலை.

எங்கள் ஆச்சியும் வாரின முடியை வீட்டுக்குள் பறக்கவிட மாட்டாள். சுருட்டி, த்தூ என்று துப்பித்தான் வெளியே போடச் சொல்வாள், யாராவது எடுத்துச் செய்வினை வைத்துவிடுவார்களாம். பீஜி செய்வதும் அந்த மாதிரிப் பயம் என்றுதான் வந்த புதிதில் நினைத்தேன். கேட்டபோது சிரித்தார். முடி கடவுள் கொடுத்த உடம்பின் ஒரு பங்கு, உதிர்ந்துவிட்டால் மரியாதை போய்விடுமா, அவ்வளவுதான் என்றார். பழனியில் மொட்டை போட்டு வளர்ந்த எனக்கு இது மனதில் உட்காரக் கொஞ்ச காலம் பிடித்தது. நாம் முடியை இறக்கிக் கொடுத்துக் கும்பிடுகிறோம், அவர்கள் கடைசி வரை வைத்திருந்து கும்பிடுகிறார்கள்.

சரி, கீமோ கதைக்கு வருகிறேன். முடி கொட்டாமல் இருக்கத் தலையைக் குளிர்விக்கும் தொப்பி இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து ஏறும்போது தலைத்தோலைக் குளிர வைத்தால் ரத்தக் குழாய் சுருங்கும், மயிர்க்காலுக்குப் போகிற மருந்து குறையும், அதுதான் கணக்கு. பேக்கேஜாக 18,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். ஊசி ஏறுவதற்கு முன்னாலிருந்தே தொப்பியைப் போட வேண்டும், முடிந்த பிறகும் வெகுநேரம் வைத்திருக்க வேண்டும். பீஜிக்கு முதல் தடவையே மண்டை பிளக்கிற வலி, கழற்றச் சொல்லிவிட்டார். மீதிப் பணம் திரும்பி வரவில்லை. இந்தத் தொப்பி சிலருக்கு நன்றாகவே பலன் தருகிறது, அதனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த மருந்து ஏற்றப் போகிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். டாக்ஸேன் வகை மருந்துகளுக்கு இது வேலை செய்கிற அளவுக்கு, டாக்ஸோரூபிசின் என்கிற அந்தச் சிவப்பு மருந்துக்குச் செய்வதில்லை. பீஜிக்கு ஆரம்பித்தது சிவப்பு மருந்தில். தொப்பி தலைத்தோலை ஒட்டி உட்கார வேண்டும் என்பதால் அடர்த்தியான நீள முடிக்கு அதுவும் ஒரு சிக்கல். ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியாகக் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் நர்ஸ் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "கொட்டுறதுக்கு முன்னாடியே மொட்டை அடிச்சிடுங்க, மனசுக்குக் கஷ்டம் குறையும்." மற்றவர்களுக்கு நல்ல யோசனைதான். பீஜி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம், "தானா உதிர்ந்தா அது அவன் சித்தம் பேட்டா, நான் வெட்டினா அது என் செயல்" என்றார். கேசத்தை அவமதிப்பது, அதாவது வெட்டுவதும் மழிப்பதும், அமிர்தம் எடுத்தவர்கள் செய்யவே கூடாத நான்கு குற்றங்களில் ஒன்று. நோயாளி சீக்கியர் என்றால் முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் இதைச் சொல்லி ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு நர்ஸும் புதிதாக யோசனை சொல்லி, ஒவ்வொரு தடவையும் நோயாளி முகம் திருப்புவது இரண்டு பக்கமும் வேதனை.

இரண்டாவது வாரம் முடிகிற சமயத்தில் ஆரம்பித்தது. முதல் நாள் வழக்கத்தை விடச் சற்று பெரிய மோதிரம். மூன்று நான்கு நாளில் கங்காவை வைத்தாலே கொத்து கொத்தாகக் கையோடு வந்தது. இங்கே முக்கியமான விஷயம் ஒன்று. நீள முடி உதிரும்போது முழுக்கக் கீழே விழாது, இருக்கிற முடியோடு பின்னிச் சிக்காகிவிடும். ராத்திரி ஜூடாவை, அதாவது கொண்டையை, இறுக்கி முடிந்து படுத்தால் காலையில் பிரிக்கவே முடியாத கட்டியாக இருக்கும், கத்தரிதான் வழி என்கிற நிலை வந்துவிடும். அதனால் தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டு, மேலே கேஸ்கி என்கிற சின்னத் தலைப்பாகையை மெல்லிய பருத்தித் துணியில் கட்டிப் படுக்க வைத்தேன். காலையில் கேஸ்கியை அவிழ்த்தால் ராத்திரி உதிர்ந்தது அத்தனையும் அதற்குள்ளேயே இருக்கும், தலையணையில் தேட வேண்டியதில்லை. குளியலறைதான் பெரிய பாடு. சாக்கடையில் முடி போவதைப் பீஜியால் பொறுக்கவே முடியாது. அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்றில் தலைக்கு ஊற்றி, அந்தத் தண்ணீரைப் புதிதாக வாங்கிய மாவுச் சல்லடையில் வடித்துத்தான் கொட்டினோம். தண்ணீர் போகும் ஓட்டையின் சல்லடை மூடி மேலும் பழைய துணி ஒன்று. ஈர முடியை அப்படியே பையில் போட்டால் நாற்றம் பிடிக்கும், நிழலில் காகிதத்தில் பரப்பி உலர்த்த வேண்டும். கீமோ முடிந்து முதல் 48 மணி நேரம் நோயாளியின் சிறுநீர், வாந்தி போன்றவற்றைத் தொட்டால்தான் கையுறை வேண்டும், முடியைத் தொட்டால் கையைக் கழுவினால் போதும் என்று நர்ஸ் சொன்னார்.

முடி சேரச் சேரத் துணிப்பை போதவில்லை. ஒரு தலையணை உறையில் போட்டு பால்கனியில் உலரத் தொங்கவிட்டிருந்தோம். நான் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்கப் போயிருந்த நேரத்தில், வேலைக்குப் புதிதாக வந்த பெண் அதைத் தெருவில் வந்த முடி வியாபாரியிடம் கொடுத்துவிட்டாள். அவளைக் குறை சொல்லி என்ன பயன், அவள் வேலை செய்யும் மற்ற வீடுகளில் சீப்பு முடியை அதற்காகவே சேர்க்கிறார்கள். நம்ம ஊரில் முடிக்கு ஸ்டீல் கிண்ணம் தருவார்களே, அதே வியாபாரம்தான். இப்படிச் சேரும் முடி மேற்கு வங்காளத்தில் முர்ஷிதாபாத் வரை போய், சிக்கெடுத்து, விக் செய்யச் சீனாவுக்கு ஏறுகிறது. நான் செருப்பு மாற்றக்கூட நேரமில்லாமல் ஓடி, இரண்டு தெரு தள்ளி அந்த ஆளைப் பிடித்தேன். சாக்குக்குள் எல்லாம் கறுப்பு முடி, நடுவில் பீஜியின் வெள்ளை முடி. அதனால்தான் பிரிக்க முடிந்தது. 60 ரூபாய்க்கு வாங்கியதை 500 கொடுத்து மீட்டேன். நடு ரோட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு கொத்தாக நான் பொறுக்குவதைப் பார்த்து அவர் என்ன நினைத்தாரோ, கடைசியில் சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து அவரும் கூட உட்கார்ந்து தேடினார்.

பீஜியிடம் மறைக்கலாமா என்று யோசித்தேன். வேலைக்காரப் பெண் ஏற்கெனவே அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். பீஜி கோபப்படவில்லை. அன்று ராத்திரிதான் ஒரு விஷயம் சொன்னார், எத்தனையோ வருஷம் கூட இருந்தும் நான் கேள்விப்படாதது. 1984 நவம்பரில், தெருவில் சீக்கியர்களை இழுத்துப் போட்டுக் கொளுத்திக்கொண்டிருந்தபோது, மாமனாரைப் பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் ஒளித்து வைத்தது. கும்பல் வீடு வீடாக வரும் என்று தெரிந்து அந்த வீட்டுப் பெரியவரே கத்தரியை எடுத்து அவர் முடியையும் தாடியையும் வெட்டியிருக்கிறார். உயிர் பிழைத்தார். காலையில் அந்த வீட்டம்மா பயத்தில் எல்லாவற்றையும் பெருக்கி எங்கேயோ தள்ளிவிட்டார். "அவங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, அவங்கதான் என் தாலியக் காப்பாத்தினவங்க" என்று நம் பாஷையில் சொன்னால் அந்த அர்த்தம் வரும்படி சொன்னார். "ஆனா அந்த முடி எங்க போச்சுன்னு அவர் சாகிற வரைக்கும் கேட்டுட்டே இருந்தார்." முடி மறுபடி வளர்ந்த பிறகுதான் இரண்டு பேரும் சேர்ந்து அமிர்தம் எடுத்திருக்கிறார்கள். அர்தாஸ் என்கிற சீக்கியப் பிரார்த்தனையில், கேசத்தோடும் மூச்சோடும் கடைசி வரை சீக்கியம் காத்தவர்களை நினைக்கும் இடம் ஒன்று வரும். 1745-ல் லாகூரில் முடி கொடுக்க மாட்டேன் என்று மண்டைத்தோலையே கொடுத்த பாய் தாரு சிங்கை எல்லாரும் நினைத்துக்கொள்ளும் இடமும் வரும். அந்த மாதங்களில் அங்கே வரும்போதெல்லாம் பீஜியின் குரல் நின்றுவிடும். நான் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பேன்.

அதற்குள் உறவினர்கள் ஆளுக்கொரு யோசனை. சின்ன மாமனார், இவ்வளவு முடியையும் பஞ்சாபில் உள்ள கீரத்பூர் சாகிபுக்குக் கொண்டுபோய் சட்லெஜில் விட்டால்தான் முறை என்று அடித்துச் சொன்னார். டெல்லியிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். அவரே டாக்ஸி பேசி என்னிடம் 4,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனார். பீஜிக்குத் தெரிந்ததும் வீடு இரண்டுபட்டது. கீரத்பூரில் ஆற்றில் விடுவது இறந்தவர்களின் அஸ்தியை, மாமனாருடையதும் அங்கேதான் விடப்பட்டது. "நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அன்று சாப்பிடவில்லை. அட்வான்ஸ் போனது போனதுதான். இந்தக் கீமோக் காலம் முழுவதிலும் என்னை அதிகமாக அசைத்தது இதுதான். முடி யாருடையதோ அவரைத் தவிர மற்ற எல்லாரும் அந்த முடியைப் பற்றிப் பேசி முடிவெடுத்துக்கொண்டிருந்தோம். முதல் ஊசி போடுவதற்கு முன்பே உட்கார்ந்து கேளுங்கள்: எரிக்கவா, புதைக்கவா, ஆற்றிலா, யார் கையால், எங்கே. நோயின் நடுவில் கேட்டால் அந்தக் கேள்விக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது.

யமுனையில் விடலாமே என்று இன்னொருவர். பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே யமுனையில் பூஜைப் பொருள் போட்டால்கூட 5,000 ரூபாய் அபராதம் என்று சொல்லிவிட்டது. பாலங்களில் கம்பி வலை வேறு. அந்தத் தண்ணீரைப் பார்த்தவர்கள் யாரும் மரியாதையாக எதையும் அதில் விட முடியாது என்பது தனிக் கதை. சரி, வழக்கம்போல மாடியில் எரிக்கலாம் என்று அங்கீட்டியை எடுத்தேன். டெல்லியின் நவம்பர் காற்று எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கைப்பிடி எரிக்கும்போது யாருக்கும் தெரியாது. ஒரு தலை முடி முழுவதும் எரிந்தால் நான்கு மாடிக்கும் வாடை போகும், முடியின் புரதத்தில் கந்தகம் இருக்கிறதே. பாதியிலேயே குடியிருப்புச் சங்கத்து ஆள் மேலே வந்துவிட்டார். திறந்தவெளியில் எரித்தால் 5,000 அபராதம், 2016-லேயே உத்தரவு இருக்கிறது என்று போனில் காட்டினார். நான் இருப்பதைச் சொன்னேன். அபராதம் போடவில்லை, ஆனால் வாட்ஸாப் குழுவில் நான் ஒரு வாரத்துக்குப் பேசுபொருள். அணைத்துவிட்டுக் கீழே வந்தபோது பீஜி ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் பாத்ரூமில் போய் அழுதேன்.

கடைசியில் பக்கத்து குருத்வாராவில் வேதம் வாசிக்கும் கிரந்தியிடம் போனேன். முதலிலேயே போயிருக்கலாமே என்பீர்கள், உறவுக்காரர்கள் அத்தனை உறுதியாகப் பேசும்போது அந்த எண்ணமே வராது. அவர் பதற்றமே இல்லாமல் பேசினார். 1945-ல் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி ஏற்றுக்கொண்ட ரஹத் மரியாதா என்கிற சீக்கிய நடத்தை விதிநூல் கேசத்தை அவமதிக்காதே என்கிறது, வாரும்போது உதிர்ந்ததற்கு இதுதான் சடங்கு என்று எதையும் வகுக்கவில்லை என்றார். வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. சிலர் எரிக்கிறார்கள், சிலர் மண்ணில் புதைக்கிறார்கள், சிலர் ஓடும் நீரில் விடுகிறார்கள். காலில் படக்கூடாது, குப்பையிலும் சாக்கடையிலும் போகக்கூடாது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவசரம் எதுவும் இல்லை, நல்ல இடம் கிடைக்கும் வரை சுத்தமாக வைத்திருங்கள் என்றார். மருந்தால் உதிர்ந்தது குற்றமே அல்ல என்று அம்மாவிடம் சொல்லுங்கள் என்றும் சொன்னார். அதை நான் சொல்லாமல் அவரையே வீட்டுக்கு வந்து சொல்ல வைத்தேன், அது நல்லதாகப் போயிற்று. பீஜி அன்று இரண்டு ரொட்டி சாப்பிட்டார்.

அவசரம் இல்லை என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்தது. நன்றாக உலர்ந்த முடியைப் பழைய மல்மல் துணியில் மூட்டை கட்டி, நடுவில் காய்ந்த வேப்பிலை போட்டு, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வைத்தோம். பாலித்தீன் வேண்டாம், உள்ளே வியர்த்துவிடும், எரிக்கும்போதும் தொல்லை. டப்பாவின் மேல் என்ன இருக்கிறது என்று இந்தியில் எழுதி ஒட்டினேன், இன்னொரு சாக்கு மூட்டையைத் தேடி ஓட என்னால் முடியாது. ஜூடா போட முடி இல்லாமல் போனதும், எப்போதும் அதில் செருகி வைத்திருக்க வேண்டிய கங்காவை எங்கே வைப்பது என்ற பிரச்சினை வந்தது. தலைத்தோல் அந்தச் சமயத்தில் தொட்டாலே எரியும். கேஸ்கியின் முதல் சுற்றுக்கு வெளியே, இரண்டாவது மடிப்புக்குள் செருகினால் உறுத்தவில்லை. எதிர் வீட்டு அம்மா விக் வாங்கச் சொன்னார், பீஜி, "வேற யாரோட கேசத்தையோ நான் ஏன் சுமக்கணும்" என்று முடித்துவிட்டார். கேஸ்கி கட்டியே பழகியவர் என்பதால் வெளியாட்கள் யாருக்கும் அவர் தலையில் முடி இல்லாதது தெரியவும் இல்லை.

கீமோ முடிந்து ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இடைவெளி இருந்தது. கர்னால் பக்கம் பீஜியின் தம்பி வீட்டு முற்றத்தில் சூலா அடுப்பு உண்டு. ரத்த அணுக்கள் சரியாக இருக்கின்றன என்று டாக்டர் சொன்ன பிறகே கிளம்பினோம். முடி பஞ்சு மாதிரிப் பற்றிக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். மொத்தமாகப் போட்டால் மேலே சுருண்டு கருகி, உள்ளே அப்படியே பச்சையாக இருக்கும். நன்றாகக் கங்கு விழுந்த விறகின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, நெய் தொட்ட பஞ்சோடு வைக்க வேண்டும். சிணுங்கிக்கொண்டே சுருங்கிக் கறுப்பு மணியாகும், அப்புறம்தான் சாம்பலாகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. புகை எட்டாத திண்ணையில் பீஜி முகக்கவசத்தோடு உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் தம்பியிடம், இந்த வருஷம் கோதுமை எப்படி என்று விசாரிக்கவும் செய்தார். சாம்பல் வயல் வரப்புக்குப் போனது.

ஆபரேஷன் அன்றைக்கு ஒரு விஷயம் பாக்கி இருந்தது. முதல் நாள் ராத்திரி அக்குள் முடியை மழிக்க ரேசரோடு ஆள் வந்தார். உடம்பில் உள்ள ரோமமும் கேசத்தோடு சேர்ந்ததுதான். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் தந்த வழிகாட்டுதல், ஆபரேஷனுக்கு முன் முடியை எடுக்காமல் விடுவதே நல்லது, எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிளிப்பரால் மட்டும் வெட்ட வேண்டும், ரேசரால் மழிக்கவே கூடாது என்கிறது. மழித்தால் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து கிருமித் தொற்றுக்கு வழியாகும். நான் வந்தவரிடம் மல்லுக்கு நிற்காமல், டியூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்லி இதைக் கேட்டேன். அவர் சர்ஜனுக்குப் போன் போட்டார். கீமோவில் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது, தேவையில்லை என்று பதில் வந்தது. தேவை என்று சொல்லியிருந்தால் பீஜி சம்மதித்திருப்பார், அதையும் முன்பே கேட்டு வைத்திருந்தேன். தலையில் ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்கு வெட்டாமல் முடியாமல்கூடப் போகலாம். அப்போது வெட்டிய முடியைக் கழிவோடு சேர்க்காமல் கவரில் போட்டுக் குடும்பத்திடம் தரச் சொல்லி ஒரு தாளில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஃபைலின் முதல் பக்கத்தில் பின் செய்துவிடுங்கள். வாயால் சொன்னது ஷிஃப்ட் மாறும்போது அடுத்த ஆளுக்குப் போய்ச் சேராது.